டைட் பண்ணப்போ நல்லா இருந்த 12.9 போல்ட் மறுநாள் ஏன் தலை தெறிச்சு விழுது?

கேட்ட விஷயம் இதுதான். மெஷின் பேஸ் பிளேட்ல ஜிங்க் பிளேட்டிங் பண்ண எம்12 சைஸ் (12 மில்லிமீட்டர் கனம்), 12.9 கிரேடு (ரொம்ப ஸ்ட்ராங்கான ரகம்) அலன் போல்ட் போட்டு, டார்க் ரெஞ்ச் வெச்சு ஒழுங்காத்தான் டைட் பண்ணிருக்காங்க. சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் ஆகல, மறுநாள் காலைல வந்து பார்த்தா ரெண்டு போல்ட்டோட தலை தனியா தரையில கிடக்கு, இத்தனைக்கும் மெஷின ஆன் கூட பண்ணல. சப்ளையர் டென்சைல் டெஸ்ட் (இழுத்து உடைச்சுப் பார்க்கிற டெஸ்ட்) சர்டிபிகேட்ட நீட்டுறார், அதுல எல்லாம் பாஸ். யாரோ ஒருத்தர் ‘இது ஹைட்ரஜன் எம்பிரிட்டில்மென்ட்’னு, அதாவது ஹைட்ரஜன் உள்ள புகுந்து ஸ்டீல் உடையுற குணத்துக்கு வந்துட்டதுன்னு, சொல்லிட்டுப் போயிட்டார். ஹைட்ரஜன் ஒரு கேஸ் ஆச்சே, அது எப்படி இரும்புக்குள்ள போகும், போனாலும் இவ்ளோ ஸ்ட்ராங்கான போல்ட்ட எப்படி உடைக்கும், சப்ளையர் புளுகுறாரா?

மெட்டலர்ஜி லேப்ல உடைஞ்ச சாமான்களோடயே குடும்பம் நடத்துறவன்ங்கிறதால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். முதல்ல கடைசிக் கேள்வி: சப்ளையர் புளுகணும்னு அவசியமே இல்ல. சர்டிபிகேட்டும் நிஜமா இருக்கலாம், போல்ட்டும் கெட்டுப்போயிருக்கலாம். டென்சைல் டெஸ்ட் ரெண்டு மூணு நிமிஷத்துல முடிஞ்சிரும், இந்த வியாதி வெளிய தெரிய மணிக்கணக்குல ஆகும். அதுவும் பல இடத்துல டெஸ்ட் எடுக்கிறது பிளேட்டிங்குக்கு முன்னாடி. அதுக்கப்புறம் போல்ட் எந்தத் தொட்டில எல்லாம் முங்கி எழுந்துச்சுன்னு அந்தக் காகிதத்துக்குத் தெரியாது.

ஹைட்ரஜன் எப்படி உள்ள போகுதுன்னா, சிலிண்டர்ல அடைச்சு வெச்சிருக்கிற ஹைட்ரஜன் ரெண்டு ரெண்டு அணுவா ஜோடி சேர்ந்து இருக்கும், அந்த ஜோடி சாதாரண வெயில் மழை டெம்பரேச்சர்ல இரும்புக்குள்ள நுழையாது. நுழையிறது தனி அணு. அந்தத் தனி அணு எங்க உருவாகுதுன்னு பாருங்க. பிளேட்டிங்குக்கு முன்னாடி துரு, ஹீட் ட்ரீட்மென்ட் செதில் எல்லாம் போகணும்னு ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல போல்ட்ட முக்குவாங்க, பிக்ளிங். இரும்பு கொஞ்சம் கரையும், ஆசிட்ல இருக்கிற ஹைட்ரஜன் அயனி இரும்பு மேல வந்து எலக்ட்ரான வாங்கி அணுவா மாறும். அதுல பெரும்பாலானது பக்கத்துல இன்னொரு அணுவப் பிடிச்சு ஜோடி சேர்ந்து குமிழா மேல வந்துரும், தொட்டில நுரைக்கிறது அதுதான். ஜோடி கிடைக்கிறதுக்குள்ள கொஞ்சம் அணு நேரா இரும்புக்குள்ள நழுவிரும். அப்புறம் பிளேட்டிங் தொட்டி, அங்க போல்ட்டே கேத்தோடு (மைனஸ் முனை), கரன்ட் மொத்தமும் ஜிங்க்க ஒட்ட வைக்கவே செலவாகாது, ஒரு பங்கு ஹைட்ரஜன் உண்டாக்கப் போகும். ஹார்டு குரோம் பிளேட்டிங்னா இன்னும் மோசம், பத்து இருபது சதவீதம் கரன்ட்தான் குரோமியத்துக்கு, மீதி பெரும்பாலும் ஹைட்ரஜனுக்கு.

இதுல கந்தகம், ஆர்சனிக் மாதிரி ஐட்டம் தொட்டில இருந்தா ஹைட்ரஜன் அணுக்கள ஜோடி சேர விடாது, ஜோடி சேர முடியாத அணு எல்லாம் உள்ள போக வழி பார்க்கும். எண்ணெய்க் கிணறுகள்ல ஹைட்ரஜன் சல்பைடு வந்தா இரும்பு இவ்ளோ சீக்கிரம் விரிசல் விடுறதும் இதனாலதான், அந்த இடங்கள்ல சாதா கார்பன் ஸ்டீலுக்கு 22 ஹெச்ஆர்சிக்கு (ஹார்ட்னஸ் அளக்கிற ராக்வெல் அளவு) மேல ஹார்ட்னஸ் கூடாதுன்னு ரொம்ப காலமாவே விதி வெச்சிருக்காங்க. கஜகஸ்தான்ல காஷகன் எண்ணெய் வயல் 2013 செப்டம்பர்ல ஓட ஆரம்பிச்சு அடுத்த மாசமே லீக்காகி நின்னுச்சு. கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் பைப்ப மாத்திட்டு 2016-லதான் திரும்ப ஓட்டுனாங்க, அங்க பைப்ப விரிச்சது இந்த சல்பைடு விரிசல்தான்.

இது புதுசா கண்டுபிடிச்ச சமாச்சாரமும் இல்ல. 1875-லயே ஜான்சன்னு ஒருத்தர் லண்டன் ராயல் சொசைட்டில கட்டுரை குடுத்திருக்கார். இரும்புக் கம்பிய ஆசிட்ல சில நிமிஷம் போட்டு எடுத்தார், முன்னாடி ரெண்டு மூணு தடவை முன்னும் பின்னும் மடக்குனாலும் தாங்குன கம்பி, இப்ப ஒரு மடக்குலயே உடைஞ்சிருச்சு. உடைஞ்ச இடத்த ஈரம் பண்ணிப் பார்த்தா உள்ள இருந்து குமிழ் குமிழா வந்து நுரை கட்டுது. அதே கம்பிய சும்மா சில நாள் வெச்சிருந்தாலோ, இல்ல சூடு காட்டுனாலோ பழைய குணம் திரும்ப வந்துருது. ஆசிட் இரும்ப அரிச்சதால பலவீனமாச்சுன்னு அதுவரைக்கும் நினைச்சவங்களுக்கு, உள்ள போனது ஹைட்ரஜன், அது திரும்ப வெளிய வரவும் செய்யும்னு மைக்ராஸ்கோப் கீக்ராஸ்கோப் எதுவும் இல்லாமலே காட்டிட்டார். இன்னைக்கு நாம பண்ற பேக்கிங்குக்கு (ஓவன்ல சூடு பண்ணி ஹைட்ரஜன வெளியேத்துறது) அடிப்படையே அந்தக் கடைசி வரிதான். என்னைக் கேட்டா இந்த சப்ஜெக்ட்லயே அழகான எக்ஸ்பெரிமென்ட் அதுதான்.

எவ்ளோ ஹைட்ரஜன் வேணும்? இங்கதான் எல்லாரும் ஆச்சரியப்படுவாங்க. ஒரு டன் ஸ்டீலுக்கு ஒரு கிராம், அதாவது ஒரு பிபிஎம், அந்த லெவல்லயே ஹை ஸ்ட்ரெங்த் ஸ்டீல்ல பிரச்சனை ஆரம்பிச்சிரும். அணுக் கணக்குல பார்த்தா கிட்டத்தட்ட 18,000 இரும்பு அணுவுக்கு ஒரு ஹைட்ரஜன் அணு. இவ்ளோ கம்மியா இருக்கிறது எப்படி ஒரு போல்ட்ட உடைக்கும்னா, அது போல்ட் முழுக்க பரவி இருந்துட்டு உடைக்கல, ஒரு இடத்துல போய்ச் சேர்ந்து உடைக்குது. ஹைட்ரஜன் அணு ரொம்பச் சின்னது, இரும்பு அணுக்களுக்கு நடுவுல இருக்கிற சந்துல புகுந்து புகுந்து நகரும். எந்த இடத்துல இழுவிசையால அணுக்களோட இடைவெளி கொஞ்சம் விரிஞ்சிருக்கோ அங்க இருக்கிறது அதுக்கு வசதி, அதனால டைட் பண்ண போல்ட்டுல த்ரெட்டோட அடி வளைவு, தலைக்குக் கீழ இருக்கிற ஃபில்லட் (தலையும் தண்டும் சேர்ற வளைவு), இந்த ரெண்டு இடத்தையும் தேடிப் போகும். நட்டுக்குள்ள மாட்டுற முதல் த்ரெட் மட்டும் மொத்த லோடுல மூணுல ஒரு பங்கு தூக்குதுங்கிறதும் ஞாபகம் இருக்கட்டும்.

டைட் பண்ண உடனே உடையாம மறுநாள் உடையுறதுக்கும் இதுலயே பதில் இருக்கு. போய்ச் சேர நேரம் ஆகுது. சுத்தமான இரும்புல ஹைட்ரஜன் ஒரு நாளைக்கு சென்டிமீட்டர் கணக்குல நகரும், ஆனா ஹார்டன் பண்ணி டெம்பர் பண்ண ஸ்டீல்ல டிஸ்லொகேஷன் (அணு வரிசைல இருக்கிற பிசகு), கார்பைடு துணுக்கு, கிரெயின் பவுண்டரி (ஸ்டீலோட குட்டிக் குட்டி படிகங்கள் ஒட்டுற எல்லை)ன்னு வழியெல்லாம் பொறி இருக்கு, ஒவ்வொண்ணுலயும் மாட்டி மாட்டி விடுபட்டு போறதுக்குள்ள ஒரு நாளைக்கு மில்லிமீட்டர் அளவுதான் போகும். எம்12 போல்ட்டுக்கு அந்த ஒரு மில்லிமீட்டர் போதும். முதல்ல த்ரெட் அடியில தலைமுடி கனத்துல ஒரு விரிசல், விரிசல் நுனில ஸ்ட்ரெஸ் இன்னும் ஜாஸ்தி, ஹைட்ரஜன் அங்க ஓடும், இன்னும் கொஞ்சம் விரியும், இப்படியே நைட்டு பூரா சத்தமில்லாம போய்ட்டு, மிச்சம் இருக்கிற குறுக்கு வெட்டு லோடு தாங்காத நிமிஷம் படார்னு தலை தெறிக்கும். வேகமா இழுத்து உடைக்கிற டெஸ்ட்ல ஹைட்ரஜனுக்கு நகர டைமே குடுக்கிறதில்ல, அப்புறம் அது எப்படி மாட்டும்? அதனால இதுக்குன்னு பண்ற டெஸ்ட் எல்லாமே பொறுமையான டெஸ்ட். ஏவியேஷன்ல பிளேட்டிங் தொட்டிய சோதிக்க, காடி வெட்டுன சாம்பிள் பீஸ அதோட உடையுற லோடுல 75 சதவீதத்துல மாட்டி 200 மணி நேரம் தொங்க விடுவாங்க. போல்ட்டுக்கு டைட் பண்ணி குறைஞ்சது 48 மணி நேரம் வெச்சுப் பார்க்கிற டெஸ்ட் இருக்கு, நடுவுல ஒரு தடவை திரும்ப முறுக்குவாங்க.

சேர்ந்த இடத்துல ஹைட்ரஜன் சரியா என்னதான் பண்ணுதுன்னு கேட்டா, ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள இன்னும் அடிதடிதான். ஒரு கோஷ்டி, இரும்பு அணுக்களோட பிணைப்பையே ஹைட்ரஜன் தளர்த்திருது, அதான் பிரிஞ்சு போகுதுங்கிறாங்க. இன்னொரு கோஷ்டி, இல்ல, டிஸ்லொகேஷன் நகர்றத அது சுலபமாக்குது, அதனால நெளிவு எல்லாம் ஒரே இடத்துல குவிஞ்சு அங்க மட்டும் கிழியுதுங்கிறாங்க, 1972-ல பீச்சம் எழுப்புன வாதம் இது. அதுக்கும் முன்னாடி 1940 வாக்குல, உள்ள இருக்கிற ஓட்டைகள்ல அணுக்கள் ஜோடி சேர்ந்து கேஸாகி பிரஷர் குடுத்து வெடிக்குதுன்னு ஒரு தியரி. பெரிய ஃபோர்ஜிங்ல வர்ற ஃப்ளேக் விரிசலுக்கும், பைப்ல வர்ற கொப்புளத்துக்கும் அந்தப் பிரஷர் தியரி நல்லாவே பொருந்தும், போல்ட்டுக்குப் பொருந்தாது. என் கண்ணுக்கு ஹார்டு போல்ட்டுல முதல் ரெண்டும் கை கோத்துதான் வேலை செய்யுது, எது எத்தனை சதவீதம்னு அவங்க சண்டை போட்டுக்கட்டும். ஹைட்ரஜன் எங்க உட்காருதுன்னு நேர்ல பார்க்கிறதே பெரும்பாடு, வெக்யூம் சேம்பர்லயே எப்பவும் கொஞ்சம் ஹைட்ரஜன் இருக்கும், சாம்பிள்ல இருந்து வந்ததா சேம்பர்ல இருந்து வந்ததான்னு தெரியாது. அதனால கனமான ஹைட்ரஜனான டியூட்டிரியத்த உள்ள ஏத்தி, அணு அணுவா இடம் காட்டுற ஆட்டம் புரோப் கருவில வெச்சு, டிஸ்லொகேஷன்லயும் கிரெயின் பவுண்டரிலயும் அது உட்கார்ந்திருக்கிறத சிட்னி பல்கலைக்கழகத்து ஆளுங்க 2020-லதான் காட்டுனாங்க.

இப்ப முக்கியமான இடம். இதே ஆசிட்ல முக்கி, இதே தொட்டில பிளேட்டிங் பண்ணி, கோடிக்கணக்குல 4.6, 8.8 மாதிரி ஸ்ட்ரெங்த் கம்மியான கிரேடு போல்ட் வித்துட்டிருக்காங்க, அதுல தலை தெறிக்கிறதில்ல. ஹைட்ரஜன் அதுக்குள்ளயும்தான் போகுது. மென்மையான ஸ்டீல்ல ஸ்ட்ரெஸ் ஒரு இடத்துல எகிறுனா ஸ்டீல் கொஞ்சம் நெளிஞ்சு குடுத்து அத ஆத்திரும், ஹைட்ரஜன் போய் குவியறதுக்கு அவ்ளோ கூரான இடமே இருக்காது. 12.9-ல ஹார்ட்னஸ் 39-ல இருந்து 44 ஹெச்ஆர்சி, நெளிஞ்சு குடுக்கிற குணம் கம்மி, த்ரெட் அடியில ஸ்ட்ரெஸ் அப்படியே உச்சத்துல நிக்கும், ஹார்டன் பண்ண காலத்துல உருவான கிரெயின் பவுண்டரில பாஸ்பரஸ் கந்தகம்னு கசடு வேற சேர்ந்திருந்தா ஹைட்ரஜனுக்கு பாதி வேலை முடிஞ்ச மாதிரி. 10.9 போல்ட் 32-ல இருந்து 39 வரைக்கும், 8.8 எம்16 வரைக்கும் 22-ல இருந்து 32. பிளேட்டிங் ஸ்டாண்டர்டுகள்ல 39 ஹெச்ஆர்சிக்கு மேல போனா பேக்கிங் பண்ணியே ஆகணும்னு கோடு போட்டிருக்கிறது சும்மா இல்ல. கோடுன்னா அது மதில் சுவர் இல்ல, 38-ல வர்ற போல்ட்டு ரொம்ப சேஃப், 40-ல வர்றது செத்துச்சுன்னு அர்த்தம் இல்ல, ஆனா 8.8-க்கும் 12.9-க்கும் இருக்கிற வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். ‘12.9 தான் பெஸ்ட், எல்லா இடத்துலயும் அதையே போடு’ங்கிற பழக்கம் நம்ம ஒர்க்‌ஷாப்கள்ல இருக்கு பாருங்க, அதுதான் எனக்கு எரிச்சல்.

பேக்கிங்னா என்னன்னா, பிளேட்டிங் முடிஞ்சதும் போல்ட்ட ஓவன்ல சுமார் 200 டிகிரில பல மணி நேரம் வெச்சு உள்ள இருக்கிற ஹைட்ரஜன வெளியேத்துறது, வெளிய போகாததையும் ஆபத்தில்லாத பொறிகள்ல ஆழமா அடைச்சு வெக்கிறது. முன்னெல்லாம் நாலு மணி நேரம் போதும்னு ஓட்டிட்டு இருந்தாங்க. ஜிங்க் பூச்சே ஹைட்ரஜனுக்கு மூடி மாதிரி, ஈசியா வெளிய விடாது, அதனால ரொம்ப ஹார்டான சாமானுக்கு நாலு மணி நேரம் பத்தாது, எட்டு, பன்னெண்டு, இருபத்துநாலுன்னு போகணும். பிளேட்டிங் முடிஞ்சு நாலு மணி நேரத்துக்குள்ள ஓவன்ல ஏத்தணும்னும் சொல்லுவாங்க, உள்ள மிச்சமிருக்கிற இழுவிசையே அதுக்குள்ள மைக்ரோ விரிசல் போட்டுட்டா அப்புறம் எத்தனை மணி நேரம் சுட்டாலும் விரிசல் ஒட்டாதுல்ல. சனிக்கிழமை சாயங்காலம் பிளேட்டிங் முடிச்சு, கூடையோட ஓரமா வெச்சுட்டு, திங்கக்கிழமை ஓவன் போடுற கதையெல்லாம் நடக்கிற இடங்கள் உண்டு, அது போல்ட்டுக்குச் செய்ற சடங்கே தவிர வைத்தியம் இல்ல. அதுக்காக டெம்பரேச்சர ஏத்தி சீக்கிரம் முடிக்கலாம்னும் போகாதீங்க, டெம்பரிங் (ஹார்டன் பண்ணதும் திரும்ப அளவா சூடு காட்டுறது) பண்ண டெம்பரேச்சருக்கு மேல போனா ஹார்ட்னஸே இறங்கிரும்.

விமானத்துல லேண்டிங் கியருக்குப் போடுற 300எம் ஸ்டீல் 1,900 மெகாபாஸ்கலுக்கு மேல ஸ்ட்ரெங்த், உங்க 12.9 அதுக்கு முன்னாடி குழந்தை. அதுக்கு கேட்மியம் பிளேட்டிங் போட்டாங்கன்னா, ஹைட்ரஜன் வெளிய போக வழி இருக்கட்டும்னு வேணும்னே நுண்துளை இருக்கிற மாதிரி பூசி, 190 டிகிரில 23 மணி நேரம் பேக் பண்றாங்க. அதோட விடுறதில்ல, அது மேல தடவுற பெயின்ட் ரிமூவர், கழுவுற கெமிக்கல் கூட ஹைட்ரஜன் ஏத்தாதுன்னு அந்த 200 மணி நேர டெஸ்ட்ல பாஸ் பண்ணிருக்கணும். வெல்டிங்லயும் இதே கதைதான், 7018-ங்கிற வெல்டிங் ராட ஓவன்ல சூடு பண்ணி, தெர்மாஸ் மாதிரி டப்பால வெச்சு எடுத்து வெல்டு போடச் சொல்றது பூச்சுல இருக்கிற ஈரம் ஆர்க்ல உடைஞ்சு ஹைட்ரஜனா வெல்டுக்குள்ள போயிரக்கூடாதுன்னுதான். ஈர ராடுல போட்ட வெல்டு அன்னைக்கு அல்ட்ராசோனிக்ல பாஸாகி ரெண்டு நாள் கழிச்சு விரிஞ்சிருக்கும். அதனாலதான் தடி பிளேட் வெல்டுக்கு 48 மணி நேரம் கழிச்சு இன்ஸ்பெக்‌ஷன்னு ஸ்பெக்ல எழுதுறாங்க.

இதுவரைக்கும் சொன்னது தயாரிக்கும்போதே உள்ள போன ஹைட்ரஜன். இன்னொரு வகை இருக்கு, போல்ட் நல்லபடியா வந்து, மாட்டுன இடத்துல இருந்து ஹைட்ரஜன் வாங்கிக்கிறது. இதுக்கு உலகமே பார்த்த கேஸ் சான் பிரான்சிஸ்கோ – ஓக்லாண்ட் பே பிரிட்ஜோட புது கிழக்குப் பாலம். 6.4 பில்லியன் டாலர் பாலம், நிலநடுக்கம் வந்தாலும் தாங்கணும்னு கட்டுனது. அதுல ஈ2-ங்கிற தூண்ல, பாலம் பக்கவாட்டுல நகராம பிடிக்கிற ஷியர் கீய தூணோட சேர்த்துக் கட்ட, 3 இன்ச் கனத்துல ஆள் உயரத்தவிட நீளமான, கால்வனைஸ் பண்ண (ஜிங்க் பூசுன) ராடு 96. 2013 மார்ச் முதல் வாரம் அதையெல்லாம் ஜாக் வெச்சு இழுத்து, அதோட அல்டிமேட் ஸ்ட்ரெங்த்ல (உடையுற லோடுல) 70 சதவீதம் லோடுல லாக் பண்ணாங்க. ரெண்டு வாரத்துக்குள்ள 32 ராடு உடைஞ்சு போச்சு. உடைஞ்சது கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்க த்ரெட்ல, மேல இருந்தவங்களுக்குத் தெரிஞ்சது ராடு துள்ளி மேல எழும்பி நின்னதுதான். மிச்சத்தோட டென்ஷன உடனே குறைச்சாங்க.

இங்க கவனிக்க வேண்டியது, அந்த ஆளுங்களுக்கு ஹைட்ரஜன் பத்தித் தெரியாம இல்ல. ராட ஆசிட்ல முக்கக்கூடாது, டிரை பிளாஸ்ட் பண்ணித்தான் கால்வனைஸ் பண்ணணும்னு ஸ்பெக்லயே போட்டிருந்தாங்க. ஆனா 2008-ல செஞ்ச அந்த ராடுகள அப்பவே தூண்ல இருக்கிற குழிகள்ல இறக்கிட்டாங்க, மேல ஷியர் கீ வந்து டென்ஷன் பண்ற வரைக்கும் வருஷக்கணக்குல அந்தக் குழில தண்ணி தேங்கி நின்னுச்சு. ஜிங்க்கும் ஸ்டீலும் ஒண்ணா தண்ணில இருந்தா ஜிங்க் கரையும், அத வெச்சு ஸ்டீல் துருப்பிடிக்காம தப்பிக்கும், கால்வனைசிங்கோட நோக்கமே அதுதான். ஆனா அப்படி ஸ்டீல கேத்தோடு ஆக்கும்போது ஸ்டீல் மேல ஹைட்ரஜன் உருவாகும். துருவுல இருந்து காப்பாத்துற அதே வேலை ஹைட்ரஜனையும் ஊட்டுது. கூடவே ராடோட ஓரத்துல ஹார்ட்னஸ் ஸ்பெக்கோட மேல் எல்லைப் பக்கம், டஃப்னஸ் (விரிசல் பரவாம தாங்குற குணம்) கம்மி, டென்ஷன் ஜாஸ்தி. முதல்ல ஹைட்ரஜன் ராட் செய்யும்போதே உள்ள இருந்துச்சா, வெளிய இருந்து வந்துச்சான்னு பெரிய வாக்குவாதம் நடந்து, அப்புறம் உப்புத் தண்ணில முழு சைஸ் ராட நாள்கணக்குல இழுத்து வெச்சு டெஸ்ட் பண்ணிப் பார்த்து, தண்ணில ஊறுனதும் அதிக டென்ஷனும்தான் காரணம்னு முடிவுக்கு வந்தாங்க. அதே தூண்ல அதே கிரேடுல 2010-ல செஞ்ச வேற 192 ராடு இருந்துச்சு, அதையும் டென்ஷன் பண்ணாங்க, அது உடையல.

ராட கழட்டி வேற போடலாம்னா மேல ரோடு டெக் வந்தாச்சு, அவ்ளோ நீளத்த உருவி எடுக்க இடமே இல்ல. கடைசில உடைஞ்ச ராடு செய்ய வேண்டிய வேலைய செய்ய ஷியர் கீ மேல ஸ்டீல் சேடில் மாட்டி, கேபிள் போட்டு இழுத்து, கான்கிரீட்ல புதைச்சு சரி பண்ணாங்க, சுமார் 25 மில்லியன் டாலர் செலவு. பாலம் 2013 செப்டம்பர் 2-ம் தேதி திறந்துச்சு. அடுத்த வருஷம் நவம்பர்ல லண்டன்ல லீடன்ஹால் பில்டிங்ல பெரிய போல்ட் உடைஞ்சு துண்டு கீழ விழுந்துச்சு, ஹைட்ரஜன்னுதான் அங்கயும் சொன்னாங்க.

சரி, உங்க போல்ட்டுக்கு வருவோம். உடைஞ்ச ரெண்டு தலையையும் கையால தேய்க்காதீங்க, உடைஞ்ச முகங்கள ஒண்ணோட ஒண்ணு பொருத்திப் பார்க்காதீங்க, துடைக்காதீங்க, டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வையுங்க. வெறும் கண்ணுலயே கொஞ்சம் தெரியும்: ஓவர் டைட்டா முறுக்கி உடைச்சிருந்தா கழுத்து இளைச்சு, ஓரத்துல சாய்வா உதடு மாதிரி இருக்கும், ஃபெட்டீக்னா (லோடு ஏறி இறங்கி ஏறி இறங்கி வர்ற உடைசல்) அலை அலையா கோடு இருக்கும் (மெஷினே ஓடலைங்கிறதால அது இல்ல). ஹைட்ரஜன்னா இளைப்பே இல்லாம தட்டையா, ஒரு ஓரத்துல இருந்து பொடிப்பொடியா மினுங்கும். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல அந்த ஓரத்த பெருசாக்கிப் பார்த்தா அப்படியே கற்கண்டு உடைச்சு வெச்ச மாதிரி, கிரெயின் கிரெயினா முகம் முகமா பிரிஞ்சு நிக்கும், கிரெயின்களுக்கு நடுவுல இடுக்கு திறந்திருக்கும். கொஞ்சம் உள்ள போகப் போக கற்கண்டு குறைஞ்சு குழிகுழியா மாறும், அது கடைசில படார்னு உடைஞ்ச பகுதி. கற்கண்டு தெரிஞ்ச உடனே ஹைட்ரஜன்னு ரிப்போர்ட் எழுதிர்ற லேபும் இருக்கு, அது தப்பு. குவென்ச் பண்ணும்போதே (சூட்டுல இருந்து சடார்னு குளிர வைக்கும்போதே) விழுந்த விரிசலும் கிரெயின் ஓரமாத்தான் போகும், டெம்பரிங்ல வர்ற டெம்பர் எம்பிரிட்டில்மென்டும் அப்படித்தான். விரிசல் முகத்துக்குள்ள ஜிங்க் இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. உள்ள ஜிங்க் இருந்தா பிளேட்டிங்குக்கு முன்னாடியே அந்த விரிசல் இருந்திருக்கு, கறுப்பா ஆக்சைடு படிஞ்சிருந்தா ஹீட் ட்ரீட்மென்ட் ஆள் மேல கேஸ், சுத்தமா பளிச்சுன்னு இருந்தா ஹைட்ரஜன் மேல சந்தேகம் கெட்டியாகும். ஹார்ட்னஸ நடுவுலயும் பாருங்க, த்ரெட் மேற்பரப்புலயும் பாருங்க. ஃபர்னஸ்ல கார்பன் ஜாஸ்தியாகி மேல்தோல் மட்டும் நடுவைவிட ஹார்டா இருந்தா அதுவே ஒரு தனிக் குத்தம். ‘உள்ள எத்தனை பிபிஎம் ஹைட்ரஜன் இருக்கு’ன்னு அளக்கக் கேட்டு காசு செலவு பண்ணாதீங்க, நகரக்கூடிய ஹைட்ரஜன் உடைஞ்சதும் வெளிய போக ஆரம்பிச்சிரும், சில நாள் கழிச்சு எடுக்கிற நம்பர் எதையும் நிரூபிக்காது, மறுக்கவும் செய்யாது.

சப்ளையர் கிட்ட சண்டை போடுறதுக்குப் பதிலா மூணு கேள்வி கேளுங்க: ஒண்ணு, பிக்ளிங் எந்த ஆசிட்ல எத்தனை நிமிஷம், ஆசிட் இரும்ப அரிக்காம தடுக்கிற இன்ஹிபிட்டர் அதுல போட்டீங்களா; ரெண்டு, பிளேட்டிங் முடிஞ்ச நேரத்துக்கும் ஓவன்ல ஏத்துன நேரத்துக்கும் எவ்ளோ இடைவெளி; மூணு, ஓவன் டெம்பரேச்சர பதிவு பண்ற சார்ட் ரெக்கார்டர் காகிதம் எங்க. மூணாவது கேள்விக்கு வர்ற மௌனமே பல சமயம் பதில்.

மாட்டி இன்னும் உடையாம இருக்கிற போல்ட்ட என்ன பண்றதுன்னா, அத திரும்ப டார்க் ரெஞ்ச் போட்டு ‘செக்’ பண்ணாதீங்க, கிட்டக்க முகத்த வெச்சுட்டு நிக்கவும் செய்யாதீங்க, தெறிக்கிற தலைக்கு தோட்டா மாதிரி வேகம் இருக்கும். மெதுவா லோட எடுத்து அந்த லாட் முழுசையும் மாத்திருங்க. உள்ள இருந்த ஹைட்ரஜன்னா சில நாள் தாண்டி நின்ன போல்ட் பெரும்பாலும் நின்னுரும்ங்கிறது உண்மைதான், ஆனா அதுல ஏற்கனவே பாதி விரிசல் விழுந்து நின்னிருக்கலாம், மெஷின் ஓடி அதிர்வு வந்தா அந்த விரிசல் ஃபெட்டீக்கா வளரும். மாத்துன போல்ட்ட பேக் பண்ணி மறுபடி போடலாமான்னா, போடாதீங்க, விலைய பாருங்க, மெஷின் விலைய பாருங்க.

மாத்தா எத போடுறதுங்கிறதுக்கு ஒரு கணக்கு. எம்12 12.9 போல்ட் உடையுற லோடு குறைஞ்சபட்சம் 103 கிலோநியூட்டன். எம்16 8.8 போல்ட்டுக்கு 125 கிலோநியூட்டன். ரெண்டு சைஸ் ஏறுனா சாதாரண 8.8-லயே அதவிட ஜாஸ்தி கிடைக்குது, பிளேட்டிங் பண்ணாலும் இந்தத் தலைவலி இல்ல. ஓட்டைய பெருசாக்க இடமே இல்ல, 12.9 தான் வேணும்னா பிளேட்டிங் இல்லாம கறுப்பு ஃபினிஷ்ல வாங்கி எண்ணெய் தடவிப் போடுங்க, உள்ளுக்குள்ள இருக்கிற மெஷினுக்கு அது தாராளம். துருப் பிரச்சனை இருக்கிற இடம்னா டாக்ரோமெட், ஜியோமெட் மாதிரி ஜிங்க் ஃப்ளேக் பூச்சு, அதுக்கு மின்சாரமும் கிடையாது, ஆசிட் இல்லாம பிளாஸ்ட் பண்ணியே பூசலாம், அதனால செய்யும்போது ஹைட்ரஜன் ஏறாது. ஆனா அதுவும் ஜிங்க்தான், தண்ணி தேங்குற குழில 12.9-ஐ போட்டு வெச்சா பே பிரிட்ஜ் குழில நடந்த அதே வேலை இங்கயும் நடக்கும். ஈரமான இடத்துக்கு 12.9-ஐ எந்தப் பூச்சோடயும் நான் சிபாரிசு பண்ண மாட்டேன், 10.9 வரைக்கும் ஓகே, அதுவும் ஹார்ட்னஸ் ரிப்போர்ட்ட கண்ணால பார்த்துட்டு.

ஆமா, போல்ட்டுக்கு அடியில ஸ்பிரிங் வாஷர் போட்டிருந்தீங்கன்னா அதையும் எடுத்துப் பாருங்க. ஜிங்க் பிளேட்டிங் பண்ண ஸ்பிரிங் வாஷரும் ஹார்டன் பண்ண ஸ்டீல்தான், பல தடவை போல்ட்டுக்கு முன்னாடியே அது ரெண்டா உடைஞ்சு நட்டுக்கு அடியில கிடக்கும், யாரும் கவனிக்கிறதில்ல. உங்களோடது உடைஞ்சிருந்தா அதையும் அந்த டப்பாலயே போட்டு லேபுக்கு அனுப்புங்க, ஒரே தொட்டில பிளேட்டிங் ஆனதா இருந்தா போல்ட்ட விட அதுவே நல்ல சாட்சி.